வரிக்குப் போன கதவுகள்

எங்கள் ஊராட்சியில் வீட்டு வரி கட்டாதவர்களின் கதவைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அது சட்டம் என்று யாரும் சொன்னதில்லை. சட்டமில்லை என்றும் யாரும் சொன்னதில்லை. அடுத்தவன் வயலில் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பது எப்படியோ, அப்படித்தான் வரி பாக்கிக்குக் கதவு.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ் நின்று போகும் ஊர்களில் ஒன்று அது. பெயர் வேண்டாம். எழுபதுகளின் முற்பகுதியில் நான் அங்கே ஒரு சென்னைத் தினசரிக்கு ஏஜென்டாகவும் பகுதி நேர நிருபராகவும் இருந்தேன். காலையில் சைக்கிளில் பேப்பர் போடுவேன். மதியம் செய்தி எழுதி, கவரில் ஒட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். அச்சில் வந்த செய்தியின் நீளத்தை அங்குலத்தில் அளந்து காசு தருவார்கள். அளப்பதற்கென்றே ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தேன். டீக்கடையில் உட்கார்ந்து நான் பேப்பரை அளப்பதை ஊரே பார்த்திருக்கிறது.

கதவு எடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. ஆண்கள் வயலுக்குப் போன பிறகு, பத்து மணிக்கு மேல் வருவார்கள். முன்னால் ஊராட்சி கிளார்க், கக்கத்தில் ரிஜிஸ்தரோடு. பின்னால் இரண்டு கூலியாட்களும் ரம்பம் எடுத்துக்கொண்டு ஒரு தச்சரும். பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. பலகையின் மேலும் கீழும் குடுமி விட்டிருப்பார்கள். அது நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். நிலையைப் பெயர்க்காமல் அந்தக் கதவை எடுக்க முடியாது. அதனால் தச்சர் மேல் குடுமியை அறுத்துவிடுவார். பிறகு கதவைத் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். ஊராட்சி அலுவலகத்துக்குக் குறுக்குச் சந்து ஒன்று இருந்தது, அதில் போகமாட்டார்கள். கடைத்தெருவைச் சுற்றித்தான் போவார்கள். வரி வசூல் என்பது உண்மையில் அந்த ஊர்வலம்தான். பெரும்பாலான வீடுகளில் கதவு அலுவலகம் போய்ச் சேர்வதற்கு முன்பே யாராவது காசோடு ஓடி வந்துவிடுவார்கள். கதவு திரும்பக் கிடைக்கும். அறுத்த குடுமி கிடைக்காது.

ஓடி வர ஆள் இல்லாதவர்களின் கதவுகள் அலுவலகத்தின் பின்பக்கம் சுவரில் சாய்ந்து நிற்கும். ஆறு மாதம் பார்த்துவிட்டு ஏலம் விடுவார்கள். ஏலம் கேட்க வருகிறவர்களை நான் கவனித்திருக்கிறேன். ஊராட்சித் தலைவரின் உறவுக்காரர்களைத் தவிர அங்கே யாரும் வாய் திறந்து பார்த்ததில்லை.

பின்தெருவில் ஒரு பெண் இருந்தாள். ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலை. கணவன் லாரியோடு போனவன். வருஷத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தான், பிறகு அதுவும் நின்றுபோனது. இரண்டு பெண் பிள்ளைகள். அவள் வீட்டுக் கதவு, அவளே கொல்லையில் நின்ற வேப்பமரத்தை வெட்டிச் செய்யக் கொடுத்தது. வரி பாக்கிக்கு அது போயிற்று. போனது ஏலத்துக்கும் போனது. தலைவருடைய மச்சான் எடுத்துத் தன் பம்புசெட் அறைக்கு மாட்டிக்கொண்டார்.

முதலில் அவள் வாசலில் சாக்கைத் தொங்கவிட்டாள். பிறகு ஓலைத் தட்டி கட்டினாள். அரை மூட்டை அரிசி காணாமல் போனது, பிறகு ஒரு அலுமினியச் சட்டி. ஒரு நாள் பகலில் மூத்த பெண் தண்ணீர் எடுத்து வந்தபோது வீட்டுக்குள் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். கூச்சல் போட்டதும் ஓடிவிட்டான். அதற்கு மறுநாளிலிருந்து ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகவில்லை. தாய் மில்லிலிருந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கதவு இருந்த இடத்தில் அவள் இருந்தாள். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

இதை நான் செய்தியாக எழுதவில்லை. மாதாமாதம் நடப்பது செய்தி ஆகாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வங்கி வந்தது. வங்கிகள் அரசுடைமை ஆன பிறகு கிராமம் கிராமமாகக் கிளை திறந்தார்கள், எங்கள் ஊரும் அந்தப் பட்டியலில் விழுந்தது. கடைத்தெருவில் பெரிய ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். மேனேஜர் கும்பகோணம் பக்கம். ஆட்களைக் கையெழுத்துச் சரிபார்ப்பது போலப் பார்ப்பார். ஊராட்சித் தலைவர் டிராக்டர் கடனுக்கு மனுப் போட்டார். கொடுக்க இயலாது என்று மேனேஜர் பதில் எழுதினார். தலைவர் வீடு எதிர் வரிசையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது. கடிதம் இங்கிலீஷில், தபாலில், உத்திரமேரூர் வரை போய்த் திரும்பி வந்தது. அதைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் தலைவருக்கு இருந்த பழைய பாக்கியைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது. நான் அந்த வரியையும் படித்தேன். தலைவர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷமே வங்கி இருந்த கட்டடத்துக்கு வீட்டு வரி மூன்று மடங்கு ஆனது. மேனேஜர், வரி கட்ட வேண்டியது கட்டடத்தின் சொந்தக்காரர் என்றார். சொந்தக்காரர், வாடகைப் பத்திரத்தைப் பாருங்கள், வங்கிதான் கட்ட வேண்டும் என்றார். இருவரும் சொல்வது அவரவர் வசதிக்குச் சரியாக இருந்தது. இரண்டு அரையாண்டு கழிந்தது. நோட்டீஸ் வந்தது. அதற்கும் மேனேஜர் தபாலில் பதில் எழுதினார்.

ஒரு நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு மேனேஜர் சாவிக்கொத்தோடு வந்தார். காவலாளி வெளிப்பூட்டை எடுத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தான். அதற்குள் கிளார்க்கும் தச்சரும் வந்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பக்கக் கதவு ஏற்கெனவே தெருவில் கிடந்தது.

"என்ன இது? யார் உத்தரவு கொடுத்தது?" என்றார் மேனேஜர்.

"இன்னா சார் உத்தரவு? ரெண்டு அரையாண்டு பாக்கி கீது. நோட்டீஸ் குடுத்தாச்சி. எடுத்துக்கினு போறோம்" என்றார் கிளார்க்.

"இது கவர்மென்ட் பேங்க்."

"நாங்க மட்டும் இன்னா வெள்ளக்காரனா?"

கூட்டம் சிரித்தது. காவலாளியிடம் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. அவன் பட்டாளத்திலிருந்து வந்தவன். மெய்யாகவே, "சுடட்டுங்களா சார்?" என்று கேட்டான். மேனேஜர் அவனை உள்ளே போய் நிற்கச் சொன்னார். தச்சர் ரம்பத்தை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பார்த்தார், பிறகு மறுபடியும் அறுக்கத் தொடங்கினார்.

"சாவிய பத்ரமா வெச்சிக்க சார், அத்தயும் கேக்கப் போறானுங்க" என்றார் கூட்டத்தில் ஒரு விவசாயி.

தலைவர் எதிரே தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒளிந்துகொள்ளவில்லை. "மேனேஜர் சார், எதுக்கும் இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போடுங்க. தபால்ல வரட்டும்" என்று சத்தமாகச் சொன்னார்.

இரண்டு கதவுகளையும் கடைத்தெரு முழுக்கச் சுற்றி எடுத்துப் போனார்கள்.

நான் கதவைப் பற்றி எழுதிய முதல் செய்தி அதுதான். முதல் பக்கத்தில் நான்கு அங்குலம் வந்தது. மறுநாள் டீக்கடையில் அதை அளந்துகொண்டிருந்தபோது, மில்லுக்குப் போகும் வழியில் அந்தப் பெண் நின்றாள்.

"எங்கதவு போனப்போ நீ ஊர்லதான இருந்த நைனா?"

இருந்தேன் என்றேன்.

"அப்ப ஸ்கேலு இல்லியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

வங்கி கதவில்லாமல் நடந்தது. பணம் இருக்கும் அறைக்குத் தனி இரும்புக் கதவு இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. முன்வாசலில் தார்ப்பாய் தொங்கியது. காவலாளி கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தான். வாடிக்கையாளர்கள் கட்டிலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். புதுக் கதவு போட்டால் ஊராட்சி செய்ததை ஒப்புக்கொண்டது போல ஆகும் என்று தலைமை அலுவலகம் எழுதியதாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் வங்கி ரிட் மனு போட்டது.

வழக்கு நடந்த மாதங்களில் இரண்டு தரப்பும் ஊரைத்தான் வதைத்தன. வங்கி, மேலிட உத்தரவு வரவில்லை என்று விவசாயக் கடன் மனுக்களை வாங்க மறுத்தது. ஊராட்சி, வங்கி இருந்த வரிசையில் தெரு விளக்கு பல்ப் மாற்றவில்லை. அந்த வரிசையில் பன்னிரண்டு வீடுகளும் இருந்தன. சாக்கடை அள்ளிய மண்ணை வங்கி வாசலிலேயே குவித்தார்கள். வெயிலில் அது காய்ந்து, காற்றில் கவுன்டர் வரை போனது. விதைநெல்லுக்குக் கடன் கேட்கப் போனவர்களை மேனேஜர், "உங்க தலைவரைப் போய்க் கேளுங்கோ" என்றார். தலைவரிடம் போனால், "அந்தாளு இருக்கற வரைக்கும் எவனுக்கும் ஒரு பைசா வராது. போய் அவன் கட்டில்ல படு" என்றார். இதை எல்லாம் நான் எழுதினேன். அச்சில் வந்தது பாதிதான்.

தீர்ப்பு வந்த அன்று எனக்குத் தபாலாபீசுக்கு டிரங்க் கால் வந்தது. சென்னையிலிருந்து செய்தி ஆசிரியர் பேசினார். வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பு, முதல் பக்கம், கோர்ட்டுச் செய்தியை எங்கள் ஆள் எழுதிவிட்டார், ஊர் நிலவரம் நீ பத்து வரி கொடு என்றார். தீர்ப்பின் சாரத்தை அவரே சொன்னார். நிலையில் பொருந்திய கதவு வீட்டின் ஒரு பகுதி. வரி பாக்கிக்கு அசையும் பொருளைத்தான் கைப்பற்றலாம். வீட்டின் ஒரு பகுதியை அறுத்து எடுத்துவிட்டு அதை அசையும் பொருள் என்று சொல்ல முடியாது. ஊராட்சி தன் செலவில் கதவைத் திரும்ப மாட்ட வேண்டும்.

நான் ஊராட்சி அலுவலகத்தின் பின்பக்கம் போய் எண்ணினேன். வங்கியின் இரண்டைச் சேர்க்காமல் பதினொரு கதவுகள் சாய்ந்து நின்றன. அதை எழுதினேன். கிளார்க் பேச மறுத்ததை எழுதினேன். ஒன்பது வரி ஆயிற்று. பத்தாவது வரியாக, "ஊராட்சி கைப்பற்றிய மற்ற கதவுகளும் உரியவர்களிடம் ஒப்படைக்கப்படும்" என்று எழுதினேன். அப்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. நீதிமன்றமும் சொல்லவில்லை, ஊராட்சியும் சொல்லவில்லை. பத்தி முடிய ஒரு வரி தேவைப்பட்டது, எழுதினேன். போனில் வாசித்தேன். மறுநாள் ஒரு எழுத்து மாறாமல் வந்தது.

அந்த வாரமே வங்கிக் கதவை மாட்டினார்கள். அறுத்த அதே தச்சர்தான் வந்தார். இந்தத் தடவை இரும்புக் கீல். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றார். கதவை நான்கு முறை திறந்து மூடச் சொன்னார். கிளார்க்கிடம், "கதவைப் பெற்றுக்கொண்டோம்னு நான் எழுதித் தரணுமா? தபால்ல அனுப்பறேன்" என்றார்.

மறுநாள் அந்தப் பெண் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊராட்சி அலுவலகம் போனாள். நான் உள்ளே இருந்தேன்.

"எங்கதவு எப்ப வரும்?" என்றாள்.

"எந்தக் கதவு?" என்றார் கிளார்க், தலை நிமிராமல்.

"நீ தலைமேல வெச்சி ஊர்கோலம் வுட்டியே, அந்தக் கதவு."

"அது ஏலம் போயி ரெண்டு வருஷம் ஆவுதுமே. கோர்ட்டு சொன்னது பேங்குக்கு. நீ ஹைகோர்ட்டுக்குப் போனியா?"

"நான் எதுக்குப் போவணும்? எல்லாக் கதவும் வரும்னு பேப்பர்ல போட்டுகீது."

"பேப்பர்ல ராசிபலன் கூடத்தான் போட்டுகீது. போம்மே, போய் நெல்ல அவி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மில் விடுமுறை. அவள் மில் மாட்டு வண்டியை வாடகைக்கு எடுத்தாள். தச்சரைக் கூட்டிக்கொண்டாள். அந்த ஊருக்கு இருந்தது ஒரே தச்சர். அவர் வரத் தயங்கியபோது, "அறுக்கறதுக்கு அவன் குடுத்த கூலியவிட எட்டணா மேல தரேன், வா" என்றாளாம். பகல் பதினோரு மணிக்கு, எல்லாரும் பார்க்க, பம்புசெட் அறைக் கதவின் கீல்களைக் கழற்றி வண்டியில் ஏற்றினாள். குறுக்குச் சந்து வழியாக வந்தால் அவள் வீடு கிட்டம். அவளும் கடைத்தெருவைச் சுற்றித்தான் வந்தாள். வண்டிக்கு முன்னால் நடந்தாள். தலைவர் வீட்டு எதிரில் வண்டியை நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

கதவை நிலையில் பொருத்துவதற்கு முன்பே போலீஸ் வந்துவிட்டது. தலைவரின் மச்சான் திருட்டுப் புகார் கொடுத்திருந்தார். கதவை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்கள். இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வரச் சொன்னார்கள். வழக்கு என்று ஒன்று பதிவானால் வேலைக்கு வர வேண்டாம் என்று மில் முதலாளி ஆள் விட்டுச் சொன்னார்.

அன்று மாலை தலைவர் என் அறைக்கே வந்தார். உட்காரவில்லை.

"எல்லாக் கதவும் திரும்ப வரும்னு எந்த ஜட்ஜு உங்கிட்ட சொன்னாரு?"

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தப்பு தப்பா எழுதுவ, அத்தப் படிச்சிட்டு ஒருத்தி கதவத் திருடுவா. ரெண்டு நாள்ல திருத்தம் வரணும். வரலன்னா உங்க மொதலாளிகிட்ட நானே போறேன். பேப்பர் போட வேற ஆளா இல்ல?"

தீர்ப்பைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வங்கிக்குத் தீர்ப்பின் நகல் வந்திருந்தது. மேனேஜர் தன் மேஜைக்கு எதிரே உட்கார வைத்துப் படிக்கக் கொடுத்தார். நான் பக்கம் புரட்டும்போதெல்லாம் என் விரலைப் பார்த்தார். ஒன்பது பக்கம். மற்றவர்களின் கதவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்தது. தான் புதிதாக எதுவும் சொல்லவில்லை, வெள்ளைக்காரன் காலத்திலேயே இதே நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது என்று நீதிபதி குறித்திருந்தார். வரலாற்றுச் சிறப்பு எங்கள் பேப்பர் கொடுத்தது. எங்கள் ஊரில் கதவை அறுத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அது தப்பு என்று சென்னையில் ஏதோ ஒரு புத்தகத்தில் அச்சாகி இருந்திருக்கிறது.

இந்த நகலை அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கொடுங்கள், ஸ்டேஷனில் காட்டட்டும் என்றேன். மேனேஜர் காகிதங்களை வாங்கி, ஓரம் தட்டிச் சமமாக்கி, ஃபைலில் வைத்தார்.

"இது பேங்க் ரெக்கார்டு. எங்க கதவு எங்களுக்கு வந்தாச்சு. ஊர்க் கதவுக்கெல்லாம் நான் என்ன ஏஜென்டா?"

தலைவர் சொன்னது சரி, நான் எழுதியது தவறு. திருத்தம் அனுப்பினேன். மூன்று வரி. மற்ற கதவுகள் பற்றித் தீர்ப்பில் எதுவும் கூறப்படவில்லை, முன்பு வெளியான செய்தி தவறு, வருந்துகிறோம். வங்கிக் கதவுக்குச் சொன்ன காரணம் எந்தக் கதவுக்கும் பொருந்தும் என்று நான்காவதாக ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதுவும் உண்மைதான். சேர்க்கவில்லை. என் ஏஜென்சியை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கவரை ஒட்டினேன்.

விசாரணை நாளன்று காலைப் பேப்பரில் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு நானும் போனேன். கதவு வராந்தாவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, அதன் மேல் ஒரு கான்ஸ்டபிளின் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே தலைவரும் மச்சானும் கிளார்க்கும். தலைவர் கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் வேலூர்ப் பக்கத்து ஆள். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண் சுவரோரம் நின்றாள்.

"இந்தாப்பா, பாரு" என்று தலைவர் பேப்பரை மேஜைமேல் போட்டார். "அது தப்புன்னு அவங்களே போட்டுட்டாங்க. சீக்கிரம் எழுது, எனக்கு வேற வேல கீது."

சப்-இன்ஸ்பெக்டர், தன்னை அவர் ஒருமையில் பேசியதைக் கேட்டுக்கொண்டார். பேப்பரைப் படித்தார். அந்தப் பெண் தன் இடுப்பிலிருந்த பழைய பேப்பரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டும் நீ எழுதினதுதானா?"

"ஆமாம்."

"மொத எழுதினத்த நம்பி நான் கதவ எடுத்தேன். ரெண்டாவது எழுதினத்த வெச்சி என்ன உள்ள தள்ளப் பாக்கறாங்க. உனக்கு ரெண்டுக்கும் காசு குடுத்தாங்களா?"

"முதல்ல வந்ததுக்கு மட்டும்தான். திருத்தத்துக்குத் தரமாட்டாங்க."

"அந்த மட்டும் நஷ்டந்தான் உனக்கு" என்றாள்.

ஏட்டு ஒருவர் சிரித்துவிட்டு, சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "தலைவரே, ஒரு சந்தேகம். கதவு அசையும் சொத்தா, அசையாத சொத்தா?"

"மரந்தானே? வண்டில வெச்சி ஓட்டிக்கினு போயிகீறா. அசையும் சொத்துதான்."

"இல்லன்னு ஹைகோர்ட்ல சொல்லிகீறாங்களே. அதுக்காகத்தானே நீங்க பேங்குக்குக் கதவ மாட்டினீங்க? ஹைகோர்ட் சொன்னது தப்புன்னு தலைவர் சொன்னாருன்னு எழுதிக்கட்டுமா?"

கிளார்க் தலைவரின் காதில் ஏதோ சொன்னார்.

"நான் அப்படிச் சொல்லல" என்றார் தலைவர்.

"அப்ப அசையாத சொத்து. வூட்டோட சேந்தது. எந்த வூட்டோட?"

கிளார்க் வராந்தாப் பக்கம் பார்த்தார்.

"யார் வூட்ல அறுத்தீங்களோ அந்த வூட்டோட. அவ வூட்ட அவ எடுத்துக்கினு போனா, அதுல நான் எந்தத் திருட்ட எழுதறது?"

மச்சான் எழுந்தார். "சார், நான் ஏலத்துல காசு குடுத்து எடுத்தது. ரசீது கீது சார்."

"ரசீது குடுத்தவங்கிட்ட காசு கேளு. பக்கத்துலதான் உக்காந்துகீறாரு."

மச்சான் தலைவரைப் பார்த்தார். "இன்னா மாமா, இப்படிச் சொல்றாரு?"

"வாய மூடுடா" என்றார் தலைவர். பிறகு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். அன்று அவர் மரியாதையாகப் பேசியது அப்போதுதான்.

ஒரு வக்கீல் இருந்திருந்தால் அந்த வாதம் ஐந்து நிமிஷம் நின்றிருக்காது. அறுத்து எடுத்த பிறகு கதவு அசையும் பொருள்தான் என்று அவர் சொல்லியிருப்பார். வக்கீல் யாரும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணுக்காக இதைச் செய்தார் என்றும் நான் நினைக்கவில்லை. அவளிடம் அவர் பேசிய ஒரே வாக்கியம், "எடுத்துக்கினு போ, இங்க இடத்த அடச்சிக்கினு கீது" என்பது. மச்சானும் தலைவரும் வெளியே சைக்கிள் ஸ்டாண்டருகே நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டது உள்ளே வரை கேட்டது.

கதவை இரும்புக் கீலில் மாட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர், மூத்த பெண்ணை மறுபடி ஏழாம் வகுப்பில் உட்கார்த்திவைக்கலாம் என்றார். தன்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்காரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். தாயோடு மில்லுக்குப் போகத் தொடங்கினாள்.

ஊராட்சி அதற்குப் பிறகு யார் கதவையும் தொடவில்லை. அண்டா, குடம், தையல் மிஷின், சைக்கிள் என்று எடுத்தார்கள். கிளார்க் தீர்ப்பை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். நிலையில் பொருந்தாத எதையும் எடுக்கலாம் என்று அவருக்கு உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அலுவலகத்தின் பின்னால் நின்ற பதினொரு கதவுகளை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்துப் போனார்கள். கடைசியில் இரண்டு நின்றன. அந்த வீடுகள் அதற்குள் விழுந்துவிட்டிருந்தன.

ஒரு மாதம் கழித்துச் செய்தி ஆசிரியர் கடிதம் எழுதினார். வரலாற்றுத் தீர்ப்பால் பயன்பெற்ற ஏழைப் பெண் என்று ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், கதவுக்குப் பக்கத்தில் அவள் நிற்கும் படம் இருந்தால் நல்லது. அரைப் பக்கம். என் பெயர் போடுவார்கள். உத்திரமேரூரிலிருந்து போட்டோகிராபரை வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பின்தெருவுக்குப் போனோம்.

அவள் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தெரு முனையில் எங்களைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஓடவில்லை. நான் வாசலை நெருங்கியபோது கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வேப்பம் பலகை மூன்று, குறுக்குச் சட்டம் இரண்டு, பம்புசெட்டில் இருந்தபோது அடித்த பச்சைப் பெயின்ட் ஓரங்களில் உரிந்திருந்தது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையாத ஒரு இடைவெளி. நான் தட்டவில்லை. போட்டோகிராபர் கதவை மட்டுமாவது எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உள்ளே அவள் குரல் கேட்டது. "இன்னும் நின்னுக்கினு கீறானா?"

இடைவெளியில் ஏதோ அசைந்தது.

"கீறான்" என்றாள் மகள்.